கம்பிவலைக் கதவு

போன மின்சாரம்
இரண்டரை மணிநேரம் கழித்துத்
திரும்பி வந்த வேகத்தில் மைக்ரோவேவ் செத்தது.
விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது,
உள்ளே பீன்ஸ் கறி மட்டும்
குளிர்ந்தபடியே சுற்றி வந்தது.

லே-பையில் ஒன்பது மாதம் கட்டி எடுத்த பெட்டி.
குப்பை வண்டி வரும் நாளில்
கேட் வரைக்கும் தூக்கிப் போனேன்.
அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

'இனி எதற்கு இது?' என்றான் பூபாலன்,
கூரியர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
தம்பிக்குச் சொல்லப் பதில் இல்லை என்னிடம்.
ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

மின்தேக்கியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.
ப்ளக்கைப் பிடுங்கி நாளானாலும்
ஆளை அடிக்கும் அளவுக்கு
உள்ளே எதையாவது பதுக்கி வைத்திருக்கும்.
ரப்பர் கையுறை, மரப்பிடி,
இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டேன்.
டப்.
ஒரு நீலப் பொறி.
கொஞ்ச நேரம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டபோது
இதில் பாதிச் சத்தம்கூட வரவில்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பழைய இரும்புக் கடையில்
பதினெட்டு ரேண்ட் கொடுத்தார்கள்.
உள்சுவரில் ஆறு வருடத்து மசாலாத் தெறிப்பு;
சுரண்டச் சுரண்ட
எந்த ஞாயிற்றுக்கிழமை எது என்று தெரியவில்லை.
பின்பக்கம் அறுக்க க்ரைண்டர் தந்தவள் நோம்புலா.
சாட்ஸ்வொர்த்தில் பாதி வீட்டுக்கு
கேட் பற்றவைத்தவள் அவள்தான்.
'நீ பிடி, நான் அறுக்கிறேன்,' என்றாள்.
உன் கை நடுங்குகிறது என்று சொல்லவில்லை.

கண்ணாடித் தட்டு சுழன்ற இடத்தில்
பதினேழு சென்டிமீட்டர் மதர்போர்டு
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.
சூட்டை வெளியே தள்ளும் வழி
பெட்டிக்கு முன்பே தெரியும்.
'முப்பது விநாடி' பொத்தான்தான் இப்போது ஸ்விட்ச்.
வேலை முடிந்தால் பழைய மணியே அடிக்கும்,
ஏதோ வெந்துவிட்டது என்கிற தோரணையில்.

எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை.

பக்கத்து அறையில் போன் பாடுகிறது,
பூபாலனின் டிவி பாடுகிறது,
என் பெட்டி மட்டும் ஊமை.
இரண்டு நாள் தேடினேன்.
டிரைவரை மாற்றினேன், ரௌட்டரை இடம் மாற்றினேன்,
கம்பெனிக்கு போன் போட்டு ஒரு பையனைத் திட்டினேன்.
அனுப்ப வேண்டிய கல்யாண ஆல்பம்
அறுபத்திரண்டு பக்கம், உள்ளேயே கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம்
மோகி ஆன்ட்டி அவள் பாட்டுக்கு உள்ளே வந்தாள்,
துணியில் சுற்றிய ரொட்டியோடு.
நான் வாயைத் திறப்பதற்குள்
அவள் கதவைத் திறந்துவிட்டாள்.
டிங் டிங் டிங் டிங்
நாற்பத்தொரு செய்திகள்.
மணப்பெண், மணப்பெண்ணின் அம்மா,
மறுபடி மணப்பெண்.
ஆன்ட்டி ரொட்டியை ஹார்ட் டிஸ்க்மேல் வைத்தாள்,
கதவைச் சாத்தினாள்.
நிசப்தம்.

கதவுக் கண்ணாடியில் பதித்த வலையை
அன்றுதான் கிட்டே போய்ப் பார்த்தேன்.
கறுப்பாக, ஊசித்துளை ஊசித்துளையாக.
அலையை வெளியே விடாமல் பிடிப்பது அதன் பிழைப்பு.
உள்ளே வர வந்ததையும்
அதே கண்டிப்போடு தடுத்திருக்கிறது.
வேலை போய்விட்டது என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.

ஆன்டெனாவுக்கு ஒரு துளை போட்டால் போதும்.
நோம்புலாவிடம் ஏழு மில்லிமீட்டர் பிட் உண்டு.
கேட்கிறேன், கேட்கிறேன் என்று வாரம் ஓடுகிறது.
அதுவரை ஒரு துணிக்கிளிப்பைச் செருகி
கதவை ஒருவிரல் திறந்து வைக்கிறேன்.
சில ராத்திரி
கிளிப்பை எடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு ஆல்பம் போய்ச்சேர
நாற்பது நிமிடம் ஆனது.
பிறகுதான் ரொட்டி நினைவு வந்து எடுத்தேன்.
ஆன்ட்டி ஒரு துண்டு பிட்டு
விரலால் அழுத்திப் பார்த்தாள்.
'யார் சொன்னது கெட்டுப்போச்சு என்று?
கொஞ்சம் மெதுவாகச் சூடாகிறது,
அவ்வளவுதானே.'